உலையில் வைத்த சேறு

இன்று காலை ஷிப்டில் சுரங்கத்திலிருந்து வந்த பழுப்பு நிலக்கரிக் கட்டி ஒன்றை உடைத்தேன். உள்ளே ஓர் இலையின் தடம். நரம்புகூடத் தெரிந்தது. ஆய்வகத்தில் எவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நீ இருந்திருந்தால் எழுந்து வந்து சொல்லியிருப்பாய்:

"இதுவும் ஒரு காலத்துல சேத்துக்காடுதான்டா."

ஒரே குவார்ட்டர்ஸ், ஒரே ஆய்வகம் நமக்கு. வாரம் முழுக்கக் கரியை எரித்துச் சாம்பலை நிறுப்போம். ஞாயிறானால் நீ மட்டும் பஸ் பிடித்துப் பிச்சாவரம் போவாய். சுரபுன்னை இலைகளை எடை போட்டு, கொசுவலைத் துணியில் தைத்து, உப்பங்கழிச் சேற்றில் புதைத்திருந்தாய். ஓராண்டில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்க.

"அந்தச் சேத்துக்குள்ள காத்து போவாதுடா. இலை லேசுல மக்காது. காத்துலேர்ந்து எடுத்த கரிய அங்கயே வச்சிகினு கெடக்கும். கடலும் தன் பங்குக்குக் கரைச்சி வச்சிக்குது. நாமதான் தோண்டி எரிக்கிறோம்."

அந்த அளவோடு வந்தால் ஆய்வு மாணவனாக இடம் தருவதாகக் கடற்கரை ஆய்வுக்கூடத்துப் பேராசிரியர் சொல்லியிருந்தார். இங்கிருந்து வெளியேற உனக்கு வேறு வழி இல்லை.

ஓராண்டு முடிந்து தோண்டி எடுத்த பையிலிருந்ததை ஒரு டின்னில் கொட்டி, நம் கரி மாதிரிகளைப் போலவே மெழுகால் மூடி, காலையில் நிறுக்கலாமென்று ஆய்வக மேசையில் வைத்தாய். சீட்டு ஒட்டவில்லை.

காலை ஷிப்ட் எனக்கு. திறந்தேன். கறுப்பாக இருந்தது. கரிதான் என்று நினைக்க எனக்கு அது போதும். உலர்த்தினேன், பொடித்தேன், உலையில் வைத்தேன். பதிவேட்டில் சாம்பல் அளவும் எழுதினேன்.

"எல்லாத்தையுமா?" என்றாய்.

"எல்லாத்தையும்."

காலி டின்னைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாய். "ஆயிரம் வருசம் கெடக்க வேண்டியத ஒரே ஷிப்டுல பொகையா வுட்டுட்டியேடா. சாம்பல் எவ்ளோ?"

அடுத்த ஞாயிறே வேறு இலைகளைப் புதைத்துவிட்டு வந்தாய். இன்னும் ஓராண்டு இங்கேயே இருக்க வேண்டும். ஆனி மாதம் மஞ்சள் காமாலை வந்தது. பதினோராம் நாள் போய்விட்டாய். நீ போன அன்றும் ஷிப்ட் சங்கு நேரத்துக்கு ஊதியது.

அந்தப் பை இன்னும் சேற்றில்தான் இருக்கிறது. எந்த மரத்தடி என்று நீ சொல்லவில்லை. கேட்க எனக்கு அப்போது துணிவு வரவில்லை.

இப்போது எந்த டின் வந்தாலும், திறப்பதற்கு முன் யாருடையது என்று கேட்கிறேன். உலையைக் கவனிக்கும் கோவிந்தன் சிரிக்கிறான்.

"யாருதா இருந்தா இன்னா சார், எரிக்கத்தானே போறோம்?"

உண்மைதான். ஆனாலும் யாருடையது என்று அவன் சொல்லும்வரை டின்னைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.