நான் ருசி பார்த்த ஜின்

சித்தூர், வியாழக்கிழமை இரவு

இன்று வாழ்நாளில் முதல் தடவையாக ஜின் குடித்தேன்.

நாளை என் வீட்டுக்காரருக்குக் கோலார் பக்கத்து கிளப்பில் பரீட்சை. துரைமார் முன்னால் மதுவகைகளைக் கலந்து, ருசி பார்த்துச் சொன்னால்தான் வேலை. மதராஸில் பல வருஷம் கலந்த கைதான். ஆனால் விஷக்காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு நாக்கும் மூக்கும் செத்துவிட்டன.

ஆந்திரா ராஜ்யம் வந்தும் இங்கே மதுவிலக்கு போகவில்லை. மதுவிலக்கு இல்லாத கோலார் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி அவர் ஒளித்துக் கொண்டுவந்த அரை பாட்டில் ஜின் அது. சாயங்காலம் ஜன்னலைச் சாத்திவிட்டு, எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் சேர்த்து கிம்லெட் என்று துரைமார் குடிக்கும் கலவை ஒன்றைக் குலுக்கி என்னிடம் நீட்டினார்.

"இனிமே நீதான் எனக்கு நாக்கு, எஸ்தர். எப்படிகீதுன்னு சொல்லு."

வாய் வைத்தேன். உப்புக் கரித்தது.

"நல்லா வந்துகீது, இல்ல?" என்று சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று! ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"சர்க்கரை இல்லிங்க. உப்பைப் போட்டுட்டீங்க."

அவர் நம்பவில்லை. உப்பு ஜாடியில் விரலை விட்டு நக்கினார். சர்க்கரையை நக்கினார். மறுபடியும் உப்பை. "ரெண்டும் ஒண்ணாத்தான் கீது" என்றவர் அழுதுவிட்டார்.

"நாளைக்குப் போவ வாணாங்க."

"போவாம? இன்னாத்த துன்றது?"

இப்போது ஜெபம் பண்ண முழங்காலிட்டேன். "கர்த்தரே" என்றதும் என் வாயிலிருந்தே ஜின் நெடி அடித்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.