சிறகில்லாத விட்டிலைப் பற்றிக் கேட்டிருந்தாய்

அன்புள்ள அசில்கான் அக்காவுக்கு,

லெனின்கிராட்டில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகப் படித்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பா நலம், நான் நலம், ஆடுகளும் குதிரைகளும் நலம். இதில் அம்மாவைச் சேர்க்காதது மறதியால் இல்லை. அம்மா இறந்துவிட்டாள் அக்கா. எப்போதும்போல அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியதாக நினைத்திருப்பாயே போன கடிதத்தை, அது அப்பா சொல்லி எழுதியது. தூரத்தில் தனியாக இருப்பவளுக்குச் சாவைக் காகிதத்தில் அனுப்புவது நம்மிடம் வழக்கமில்லையே. வந்த பிறகு பெரியவர்கள் கூடி உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும். அவ அங்க யார் தோள்ல சாஞ்சு அழுவா, வாயைத் திறந்தே உன்னைத் தொலைச்சுடுவேன் என்றார் அப்பா. இப்போது என் பக்கத்தில்தான் தூங்குகிறார். போர்வைக்குள் டார்ச் விளக்கை வைத்து எழுதுகிறேன், அவர் புரண்டால் அணைத்துவிடுகிறேன், கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

நேற்று உன் கடிதம் வந்தது. கோடை முழுவதும் அங்கேயே தங்கி நம் மலை விட்டிலைப் பற்றி எழுதப்போகிறாயாம், பெண் விட்டில் எங்கே முட்டையிடுகிறது என்று அம்மா இன்னொரு தடவை போய்ப் பார்க்கட்டும், அவள் கண்ணைத்தான் நம்புவேன் என்றும் எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் அம்மாவின் நாற்பதாம் நாள் சடங்குக்கு நீ இருக்க மாட்டாய். அம்மா சொல்ற மாதிரியே பதில் எழுதிடு என்கிறார் அப்பா. என்னால் முடியவில்லை.

வடக்குச் சரிவில் பனி உருகிய இடத்துக்குத்தான் அம்மா போயிருந்தாள். ஆலங்கட்டி மழையில் நனைந்து வந்து படுத்தவள், நெஞ்சில் சளி கட்டி, கீழேயிருந்து மருத்துவர் வருவதற்குள் போய்விட்டாள். முன்பு நீ கேட்டிருந்ததால்தான் போனாள் என்று மட்டும் நினைக்காதே. பக்கத்துக் கூடாரத்து உல்கான் அத்தை, ஏண்டி, ஆட்டை விட்டுட்டுப் பூச்சி மேய்க்கக் கிளம்பிட்டியா என்று அன்றைக்கும் கேலி செய்தாள். ஆடு என்னைக்காவது எனக்குப் புதுசா ஒண்ணு காட்டியிருக்கா என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா குதிரையேறினாள். பறக்க முடியாமல் புல்லடியில் உட்கார்ந்திருக்கும் பெண் விட்டிலை வாசம் பிடித்து ஆண்கள் தேடி வருவதைப் பார்த்துவிட்டு, றெக்கையே இல்ல, அவளுக்கு எத்தனை மாப்பிள்ளை பாரு, எனக்கு உங்கப்பன் ஒருத்தன்தான் வந்தான், அதுவும் நொண்டிக் குதிரைல என்பாள். அப்பாவும் சிரிப்பார்.

இன்று நானே போனேன். கல்லைப் புரட்டியதும் ஈரப் பாசிக்குள் முட்டைகள் செருகியிருந்தன, கடுகைவிடச் சிறியவை, வெளிறிய பச்சை. பக்கத்திலேயே பெண் விட்டில் காலை மடக்கிக் கிடந்தது. ஊதிப் பார்த்தேன், அசையவில்லை. கல்லை முன்பிருந்தபடியே வைத்துவிட்டேன். அதன் புழு குளிரில் கட்டையாக உறைந்துபோகும், வெயில் பட்டதும் நடக்கும், இப்படியே இரண்டு மூன்று குளிர்காலம் தாண்டித்தான் விட்டிலாகும் என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய். அம்மாவைக் குளிப்பாட்டிக் கிடத்தியபோது கையைத் தொட்டேன், அப்படித்தான் சில்லென்று இருந்தது. அந்தப் புழுவை நினைத்துக்கொண்டு, வெயில் ஏறும்வரை அவள் பக்கத்தைவிட்டு நகரவில்லை. உல்கான் அத்தைதான் இழுத்துக்கொண்டு போனாள்.

நீ வா அக்கா. தங்கவில்லை, ஊருக்கு வருகிறேன் என்று அப்பாவுக்குத் தந்தி கொடு, காரணம் சொல்லாதே. இறங்கியதும் அம்மா எங்கே என்று கேள், கேட்காமல் இருந்துவிடாதே. பெரியப்பா உன்னை நடுவில் உட்கார வைத்து, சாய்ந்த மரம், வற்றிய ஆறு என்று சுற்றி வளைத்துப் பேசுவார். அவர் வாயால் சொல்லும்வரை அழாதே, நான் முந்திக்கொண்டது தெரிந்துவிடும்.

இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. மூத்தவளை இளையவள் வாழ்த்துவதில்லை, ஆனாலும் உன் வழி நல்லபடியாக இருக்கட்டும். ரயிலில் அழு, யாரும் பார்க்க மாட்டார்கள். எல்லாவற்றையும் அங்கேயே அழுது தீர்த்துவிடாதே, பெரியப்பா முன்னால் அழக் கொஞ்சம் மிச்சம் வேண்டும்.

உன் தங்கை,
கென்ஜேகான்