கொர்னீலியா வந்து சேர்ந்தாள்

மிராமிச்சி ஆற்றங்கரை, கனடா,
ஜூலை 9

அன்புள்ள லோர்னுக்கு,

நானும் வீடும் நலம். கூரை ஒழுகுவது நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு ஹோவி வந்து தார் பூசினான். கூலி வேண்டாமென்று சொல்லிவிட்டு, சனிக்கிழமைக்கு வேகவைத்திருந்த பீன்ஸை ஒரு சட்டி முழுக்கத் தின்று தீர்த்துவிட்டுப் போனான். கிரீன்லாந்தில் இப்போது இருட்டுவதே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இருட்டாத ஊரில் இருந்துகொண்டு அரைப்பக்கத்துக்கு மேல் எழுத நேரமில்லை என்கிறீர்களே, அதுதான் எனக்குப் புரியவில்லை.

அந்த அரைப்பக்கத்திலும் பாதி கொர்னீலியாதான். கொர்னீலியா தெற்கே திரும்பிவிட்டாளாம், நீரிணையில் வைத்த ஒலிவாங்கிக் கருவி அவள் சத்தத்தைக் கேட்டுவிட்டதாம், எவ்வளவு வேகமாக வருகிறாளாம். ஒரு மீனைப் பற்றித்தான் எழுதுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வயிறு எரிகிறது.

மீன் போகுமிடத்தைக் காட்ட அதன் வயிற்றில் வைக்கும் சில்லுக்குப் பணம் கொடுப்பவரே மீனுக்குப் பெயர் வைக்கலாம் என்று சால்மன் பாதுகாப்பு நிதியம் செய்த ஏற்பாட்டை நான் குறை சொல்லவில்லை. சால்மன்கள் எங்கே சாகின்றன என்று தெரிந்தால்தானே எதைத் தடுப்பது என்று தெரியும். அதற்குப் பணம் வேண்டும், பணம் பாஸ்டனில் இருக்கிறது. ஆனால் அந்தப் பாஸ்டன்காரி திருமதி கொர்னீலியா தேயர் தன் பெயரையே வைத்ததும், நான் உங்களோடு மல்லுக்கட்டி இன்னொரு மீனுக்கு வெர்னா என்று வைக்கச் சொன்னேன் அல்லவா, அங்கேதான் வினை பிடித்தது. பனிக்காலமெல்லாம் ஆற்றில் பட்டினி கிடந்து மெலிந்த இரண்டு கறுப்பு சால்மன்கள். போன வருஷம் மே மாதம் ஒரே படகிலிருந்து விட்டோம். கொர்னீலியா கடலுக்குப் போனாள். வெர்னா முகத்துவாரத்தைக்கூடத் தாண்டவில்லை. சில்லு திடீரென்று சூடாகிவிட்டது, கடல்நாய் வயிற்றுக்குள் இருக்கிறாள் என்று நீங்கள்தான் திரையைப் பார்த்துச் சொன்னீர்கள். சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள்.

ஊர் இன்னும் சிரிக்கிறது. பெட்ரோல் பங்கில் நாலு பேர் நடுவே ஹோவி கேட்கிறான்: "வெர்னாவத்தான் கடல்நாய் முழுங்கிடுச்சே, அப்ப இங்க காபி வாங்குறது யாரு, அவ ஆவியா?" நானும் சிரித்து வைத்தேன்.

சிரிக்க முடியாத ஒன்று ஜூன் மாத விருந்தில் நடந்தது. வழக்கம்போலத் தீயணைப்பு நிலையக் கூடத்தில்தான் நிதி விருந்து. இறகும் நூலும் வைத்து நான் கட்டிய தூண்டில் ஈக்களை ஏலத்தில் எடுத்தது அந்தத் தேயர் அம்மாள்தான். மேசைக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல மாதிரியாகத்தான் பேசினாள், அது இன்னும் எரிச்சலாக இருந்தது. பிறகு சொன்னாள்: "லோர்ன் இன்னும் மூணு வருஷம் கிரீன்லாந்துலயே இருந்து மீன்களைப் பாத்துக்கறேன்னு ஒத்துக்கிட்டது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? உங்களுக்குத்தான் பெரிய மனசு."

எனக்குப் பெரிய மனசு இல்லை லோர்ன். எனக்கு விஷயமே தெரியாது. தெரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு, சமையல்கட்டுக்குள் போய் யாரும் கேட்காத பாத்திரங்களையெல்லாம் கழுவினேன். மூன்று மாதம் என்று போன ஆகஸ்டில் கிளம்பினீர்கள். கிறிஸ்துமஸுக்கு வரவில்லை, ஆற்றில் பனிக்கட்டி உடைந்தபோதும் வரவில்லை. இப்போது மூன்று வருஷம், அதையும் பணம் கொடுக்கிறவளிடம் முதலில் சொல்லியிருக்கிறீர்கள். அவள் உங்களைக் கொத்திக்கொண்டு போகப்போகிறாள் என்று நான் நினைக்கவில்லை. அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எனக்குப் பொறாமைதான். அதை மறைக்கிற வயசு எனக்கில்லை.

இன்று காலை மீன் எண்ணும் கூண்டில் என் முறை. இந்த வருஷம் கூண்டு பெரும்பாலும் வெறுமையாகத்தான் இருக்கிறது. இன்று தூக்கியபோது ஒரே ஒரு பெட்டை. பளபளவென்று, கொழுத்து, முதுகுத் துடுப்பருகே உங்கள் மஞ்சள் அடையாள நாடாவோடு. எண்ணைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. கூட இருந்த ஹோவி தொப்பியைக் கழற்றிவிட்டான்.

அளந்தேன், ஒரு செதில் எடுத்தேன், வயிற்றில் நீங்கள் போட்ட தையல் ஆறியிருப்பதைத் தடவிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தாள், பாவி. வாலைப் பிடித்து, முகத்தை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, மூச்சு சீராகும்வரை நின்றேன். கை மரத்துப்போயிற்று. விடும்போது என்னையறியாமல் சொன்னேன்: "போடி. நீயாவது வந்தியே."

ஹோவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

கொர்னீலியா ஆற்றுக்குள் வந்துவிட்டாள் என்று உங்கள் திரையும் காட்டும். குதிப்பீர்கள், குதியுங்கள். அந்த அம்மாள் தரும் பணத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள், நம் ஆற்றுக்கு அது வேண்டும். ஆனால் மூன்று வருஷமும் நீங்கள்தான் அங்கே உட்கார வேண்டும் என்று எந்த மீன் கேட்டது? அதற்கான பதிலை அந்த அம்மாளுக்கு எழுதுவதற்கு முன்னால் எனக்கு எழுதுங்கள். அரைப்பக்கம் போதாது.

மீன் கொர்னீலியா உங்களுக்கு முன்னால் போனவள். வந்துவிட்டாள்.

படகில் போகும்போது காதை மூடிக்கொள்ளுங்கள், உங்களுக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது. கடவுள் உங்களைக் கரையில் வைத்திருக்கட்டும், முடிந்தால் இந்தக் கரையில்.

இன்னும் எந்தக் கடல்நாயும் விழுங்கிவிடாத,
உங்கள் வெர்னா