எதிர் விளிம்பு

பாய்,

டப்பாவைத் திறந்ததும் ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் வாடை குப்பென்று வந்தது. உங்கள் நாற்பதாம் நாள் முடிந்த கையோடு உங்கள் மனைவி, பாபி, என் வீடு தேடி வந்து, "உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு" என்று வைத்துவிட்டுப் போனார். உள்ளே அந்தக் காலணா. எட்டு நாளாக அதைக் கையில் எடுக்கவே பயமாக இருந்தது.

தொண்ணூறுகளில் ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில் நீங்கள் கட்டிங், நான் செக்கிங். ஞாயிறானால் வேலூருக்குப் பஸ் ஏறி, பழைய காசு சேர்ப்பவர்கள் கூடும் ஹாலுக்குப் போவோம். ஒருநாள் ராஜா தலை போட்ட இந்தக் காலணாவைக் கொண்டுவந்தீர்கள். ஓரம் பிறை மாதிரி கடிபட்டிருந்தது. "அச்சடிக்கும்போதே வந்த தப்பு இது" என்றீர்கள். காசு தெரிந்தவன் என்று எனக்குக் கொஞ்சம் பேர் கிடைத்திருந்த நேரம். சும்மா இருந்திருக்கலாம். "பாய் கட்டிங்ல வேலை செய்றாரு. லெதர் வெட்ற டை கையிலேயே இருக்குது, வெட்டிக்கினு வந்துட்டாரு" என்றேன். ஹாலே சிரித்தது.

திரும்பி வரும்போது பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டியது. அப்புறம், "ஊரு சொன்னா பரவால்ல, நீ சொல்லிட்டியே. நாளைக்கு என் டேபிளுக்கு வா, லெதர்லயே காட்றேன்" என்றீர்கள். நான் வரவில்லை. கொஞ்ச நாளில் வேறு கம்பெனிக்கும் மாறிவிட்டேன்.

சில வருடம் கழித்து அரக்கோணத்தில் ஒரு காசு வியாபாரி சொன்னார்: "கடிச்ச எடத்த இன்னா பாக்கறீங்க? நேர் எதிர் ஓரத்தப் பாருங்க." தகட்டில் வில்லை வெட்டும்போது முந்தின ஓட்டையின் மேல் வெட்டும் டை ஏறிவிட்டால் இப்படிப் பிறை விழுமாம். அந்த வில்லையில் அச்சடித்தால் எதிர்ப்பக்க விளிம்பு சரியாக எழும்பாது. பிற்பாடு யாராவது வெட்டியிருந்தால் எதிர்ப்பக்கம் முழுசாக இருக்கும். அவ்வளவுதான் விஷயம். உங்கள் வீடு ரெண்டு தெரு தள்ளித்தான். நீங்கள் சொன்னது சரியாக இருந்துவிட்டால் எந்த முகத்தோடு நிற்பது என்று பயந்து பயந்து தள்ளிப்போட்டேன். நீங்கள் போய்விட்டீர்கள்.

இன்று காலை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். சுற்றிலும் விளிம்பு திடமாக இருக்கிறது. கடிக்கு நேர் எதிரே மட்டும் மழுங்கி, இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. நீங்கள் வெட்டவில்லை பாய். என்னை மன்னித்துவிடுங்கள்.

டப்பாவின் அடியில் காலணா அளவில் ஒரு லெதர் வில்லையும் கிடந்தது. அதன் ஓரத்திலும் அதே பிறை. அன்றைக்கு எனக்குக் காட்ட வெட்டியது. நான் வராதபோதும் தூக்கிப் போடாமல் வைத்திருந்திருக்கிறீர்கள்.

வருகிற ஞாயிறு வேலூர் போகிறேன். அன்றைக்குச் சிரித்தவர்களில் எத்தனை பேர் இன்னும் வருகிறார்களோ, தெரியவில்லை. இருப்பவர்களிடம் காலணாவின் எதிர் விளிம்பைக் காட்டி, பொய் சொன்னது நான்தான் என்று சொல்வேன். லெதர் வில்லையை யாருக்கும் காட்ட மாட்டேன். அது எனக்கென்று வெட்டியது.