அக்காவின் ஒரு விரல் இடைவெளி

பிப்ரவரி 3

இதை எவனும் நம்பப்போவதில்லை என்று சத்தியம் செய்து எழுதுகிறேன். அக்கா ஹாவுனானி, பேத்தியின் முதல் பிறந்தநாளுக்குப் போர்வை தைக்கிறாள். நடுவில் சீமைப்பலா இலைகள். ஒரு முனையில் வெயில் அடித்தால் மறுமுனையில் எங்கள் தீவின் ஹீலோ ஊர் மழை பெய்யும். போர்வையை மாட்டிய மரச்சட்டம் அவ்வளவு பெரிது. விருந்து மார்ச் 15.

பிப்ரவரி 5

இலையோரத்திலிருந்து அலை அலையாய்த் தையல் வெளியே போகிறது. துணியில் அடையாளக் கோடு கிடையாது. சாக்பீஸ் நீட்டினேன்.

"விரல் இருக்கும்போது சாக்பீஸ் எதுக்குடா?"

முந்தைய தையலை ஒட்டி ஆள்காட்டி விரலைப் படுக்கவைக்கிறாள்; மறு ஓரத்தில் ஊசி இறங்குகிறது. நானும் உட்காரவா என்றேன்.

"உன் விரல் துடுப்பு மாதிரி இருக்கு. நீ தைச்சா குழந்தை கோட்டுக்கு நடுவுல விழுந்துடும்."

பிப்ரவரி 11

அவள் குளிக்கப் போனபோது ஸ்கேல் வைத்து அளந்தேன். இலையை ஒட்டிய கோடுகள் அரை அங்குல இடைவெளி. இந்த வாரத்துக் கோடுகள் முக்கால்!

அக்கா தப்பு செய்வாளா? எரிமலை வேண்டுமானால் மன்னிப்புக் கேட்கும். துணி இழுபட்டதோ? மழை ஈரமோ?

பிப்ரவரி 12

மறுபடி அளந்தேன். வெளியே போகப்போக அகலம். ஏன்?

பிப்ரவரி 16

அக்கா மகள் லேஹுவா, குழந்தையின் அம்மா, பிடித்துவிட்டாள். "மாமா, அம்மா போர்வைல ஸ்கேலோட என்ன திருட்டு வேலை?" தேச ரகசியம் என்றேன்.

சாப்பிடும்போது அக்கா மீன் தட்டை இடக்கையால் எடுத்தாள். வலக்கைக்காரி அவள். பார்த்தேன் — வலக்கை ஆள்காட்டி விரல் முட்டி இஞ்சிக் கிழங்காய் வீங்கியிருக்கிறது. கோடு தப்பவில்லை. விரல்தான் பருத்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லலையே இவ... போர்வையில் பாதி இன்னும் வெறுமை. நாலு வாரத்துல எப்படி முடிப்பா?

பிப்ரவரி 17

"வலிக்குதா அக்கா?"

"உன் வாய்தான் வலிக்க மாட்டேங்குது." நூலைக் கடித்து அறுத்துவிட்டு, "லேஹுவாகிட்ட சொல்லாத. பொறந்தநாளே வேணாம்னு சொல்லிடுவா."

அவளுடைய கடைசி இரண்டு கோடுகளுக்கு நடுவில் என் விரலை வைத்தேன். கச்சிதமாய்ப் பொருந்தியது. அக்கா குனிந்து பார்த்தாள். ஊசியை என் பக்கம் தள்ளினாள்.

மார்ச் 2

உட்கார்ந்து தைக்கிறேன். அவள் உட்கார்ந்து திட்டுகிறாள்.

மார்ச் 15

என் வேகத்தில் ஊசி புகைந்தது, மழை வந்து அணைத்தது, தீவை மூன்று முறை சுற்றும் நூல் தீர்ந்தது — எல்லாம் நான் விட்ட சரடு. குழந்தை போர்வைமேல் தூங்குகிறது. நான் தைத்த ஓரத்தில் இரண்டு இடம் கோணியிருக்கிறது. அக்கா அதைப் பார்த்தாள், பிரிக்கவில்லை. இது மட்டும் உண்மை.