கூட வந்தவங்க யாரு?

என் பிடிவாதக்கார அம்மாவுக்கு,

நேற்று கல்லறைத் திருநாள். நீ போனபிறகு வரும் முதலாவது. நானும் ரெஜினாவும் கடலூரில் உன் கல்லறையைக் கழுவி, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினோம். உன் சின்ன மகள் ஏற்றியது நின்று எரிந்தது. நான் ஏற்றியது மூன்று தடவை காற்றில் அணைந்தது. இதிலும் அவள் பக்கம்தானா?

சிரிக்காதே. எனக்கு அவள்மேல் பொறாமை. முப்பத்தி நாலு வயதில், இரண்டு பெண்களைப் பெற்றபிறகு, கூடப் பிறந்தவள்மேல் வயிறு எரிகிறது. அதற்குக் காரணம் நீ.

2006-இல் கடலூரில் என் இரண்டாவது பிரசவம். அவர் சார்ஜாவில் இருந்தார். என்னை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனதும் நர்ஸ் கதவைத் திறந்து, "இந்தப் பொண்ணு கூட வந்தவங்க யாரு?" என்று கத்தினாள். எல்லா ஆஸ்பத்திரியிலும் அப்படித்தானே கத்துகிறார்கள்! படுத்திருப்பவளுக்கு வாயே இல்லாத மாதிரி.

"நான்தான், நான்தான்" என்று நீ ஓடினாய். கையெழுத்துப் போடத் தெரியும் என்பதில் உனக்கு எவ்வளவு பெருமை! ரேஷன் கடையில்கூட மை டப்பாவைத் தள்ளிவிட்டுப் பேனா கேட்பவள் நீ. அன்றைக்கு இரண்டு இடத்தில் போட்டாய். ஒன்று சிசேரியனுக்கு. இன்னொன்று, அதோடு சேர்த்துக் குடும்பக் கட்டுப்பாடும் செய்துவிடுவதற்கு.

கை எட்டும் தூரத்தில் கிடந்தேன், அம்மா. முதுகில்தான் ஊசி. நல்ல நினைவோடு இருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மூன்றாம் நாள் கட்டு மாற்ற வந்த நர்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "இனிமே உனக்குக் கவலையே இல்லம்மா, அதையும் முடிச்சாச்சு." எதை முடித்தார்கள் என்று உன்னைக் கேட்டேன். நீ ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "ரெண்டு தடவ வயித்தக் கிழிச்சாச்சு, இன்னொண்ணு தாங்குவியாடி? மாப்ள கிட்டயும் போன்ல கேட்டுட்டேன். சாப்புடு, ஆறிடும்" என்றாய். மாப்பிள்ளையைக் கேட்க சார்ஜாவுக்குப் போன் போட்டிருக்கிறாய். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த என்னைக் கேட்கவில்லை.

எனக்கு இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற ஆசை இருந்தது. கேட்டிருந்தால் அழுதுவிட்டு, கடைசியில் நானே சரி என்றும் சொல்லியிருப்பேன். யாருக்குத் தெரியும்? எனக்கே தெரியாமல் போய்விட்டது. அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நான் எடுத்தாலும், கோயிலில் யார் காதிலாவது விழப்போகிறது என்று வாயைப் பொத்தினாய்.

அப்புறம் 2011. சிதம்பரத்தில் ரெஜினாவுக்குத் தலைப்பிரசவம். நீ துணைக்கு, நான் சுடுதண்ணி பிளாஸ்க்குக்கு. அதே மாதிரி கதவு, அதே கத்தல். "கூட வந்தவங்க யாரு?"

நீ எழுந்தாய். நர்ஸ் நீட்டிய பேனாவை வாங்கவில்லை. "கூட வந்தது நான்தாம்மா. ஆனா கேக்க வேண்டியது உள்ள படுத்திருக்குற பொண்ண. அவ சொல்லட்டும்" என்றாய்.

எனக்குப் பிளாஸ்க்கைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

திறந்திருந்த கதவு வழியே பார்த்தேன். டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு ரெஜினா பக்கத்தில் உட்கார்ந்தார். பனிக்குடத் தண்ணீர் குறைந்திருக்கிறது, இப்போதே ஆபரேஷன் செய்தால் இப்படி, கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் இப்படி என்று விளக்கினார். நம் வாயாடி ஏழெட்டுக் கேள்வி கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. ரெண்டு மணி நேரம் பார்க்கலாம் என்றாள். பார்த்தார்கள். அப்புறம் குழந்தையின் துடிப்பு குறைகிறது என்றதும் அவளே, "பண்ணிடுங்க டாக்டர்" என்று கையெழுத்துப் போட்டாள். எனக்கு இருக்கும் அதே தழும்புதான் அவளுக்கும். ஆனால் அவள் அதைப் பற்றிப் பேசும்போது, "நான் சொன்னேன், பண்ணாங்க" என்கிறாள். என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

நேற்று மெழுகுவர்த்தியைக் காற்றுக்குக் கையால் மறைத்துக்கொண்டு ரெஜினா கேட்டாள். "அம்மா அன்னிக்கு ஏன் அப்புடி சொல்லிச்சு தெரியுமாக்கா? நான் வீட்டுக்கு வந்தப்புறம் சொல்லி அழுதுச்சு. 'பெரியவள ஒரு வார்த்த கேக்காம போட்டுட்டேன்டி, அத நெனச்சா இப்பவும் பேனாவத் தொட பயமா இருக்கு'ன்னுச்சு."

என் பேருக்கு வந்த கடிதத்தை அவள் பிரித்துப் படித்துவிட்ட மாதிரி இருந்தது. ஏம்மா, என்னிடம் அழுதிருக்கக் கூடாதா? அதையும் அவளுக்கே கொடுக்க வேண்டுமா? நான் என்ன, உன்னை அடித்தா துரத்தியிருப்பேன்? ஒரு நாள் சண்டை போட்டிருப்பேன். மறுநாள் உன் மடியில் படுத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மூத்தவள் வந்து, "என்னம்மா?" என்றாள். எட்டு வயது. உன்னைப் போலவே பேனா பிடிக்கிறாள்.

அவளுக்கும் ஒரு நாள் வரும். அவள் உள்ளே இருப்பாள், நான் வெளியே நிற்பேன். கூட வந்தவங்க யாரு என்று கத்துவார்கள். அப்போது நான் சொல்வதற்குச் சிதம்பரத்தில் நீ சொன்ன வார்த்தைகள்தான் இருக்கின்றன. அவற்றை நீ தங்கைக்காகச் சொன்னாய், எனக்காக இல்லை. இருக்கட்டும். ஒரு எழுத்து விடாமல் அப்படியே சொல்வேன், இது சத்தியம். என்னைக் கேட்காமல் நீ கையெழுத்துப் போட்டாய் இல்லையா? உன்னைக் கேட்காமல் அந்த வார்த்தைகளை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னும் கோபம் தீராத,
உன் பெரியவள்,
பிலோமினா