காலையிலும் வாடினால்

தக்காளி இலையைத் தொட்ட கையில் ஒரு பச்சை வாடை ஒட்டிக்கொள்ளுமே, காலையில் டீ குடிக்கும்போது அது என் விரலில் இருந்தது. உன் கை வாடை அது. சோப்புப் போட்டுக் கழுவ மனசில்லை.

நீ தையில் நட்ட மூன்று செடிகளும் மாடியில்தான் இருக்கின்றன. பீங்கான் கம்பெனியில் கழித்துப்போட்ட விரிசல் ஜாடிகளைச் சுமந்து வந்தவன் நான்; தரைச் சூட்டில் வேர் வெந்துவிடும் என்று செங்கல் மேல் தூக்கி வைத்தவள் நீ. மாசியில் நீ போய்விட்டாய். செடிகள் இடுப்புயரம் வளர்ந்து காய்த்துவிட்டன.

போன கோடையில் நான் அடித்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? முப்பது வருஷம் சூளையில் பொம்மை அடுக்கியவன் புத்தி வேறெப்படிப் போகும்! வெயில் பட்டால் சீக்கிரம் பழுக்கும் என்று, காயை மறைத்த இலையையெல்லாம் கிள்ளிவிட்டேன். இரண்டே நாளில் காய்கள் ஒரு பக்கம் வெள்ளையாக வெந்துபோயின. நீ திட்டவில்லை. "சுட்டு எடுக்க அது என்னா பொம்மையாங்க? எலதான் அதுக்குக் குடை" என்றாய். என் பழைய வேட்டியை மேற்குப் பக்கம் திரையாகக் கட்டினாய்.

இந்த வருஷ விருத்தாசலத்து அக்னி வெயிலில் அந்த வேட்டி இற்றுக் கிழிந்துவிட்டது. பூவெல்லாம் கொட்டுகிறது. இருக்கிற காயையாவது காப்பாற்றி விதை எடுக்க வேண்டும். நீ நட்டதில் மிச்சம் இவ்வளவுதான். திரை கட்ட உன் நூல் புடவையை எடுக்கலாம் என்று பெட்டியைத் திறந்தேன். அதை வெயிலுக்குக் கொடுக்க முடியவில்லை. மகள் பொங்கலுக்கு எடுத்துக்கொடுத்த என் புது வேட்டியைக் கட்டிவிட்டேன்.

மத்தியானம் செடி துவண்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன், நீ தடுப்பாய். "உச்சியில வாடுனா வுட்டுடுங்க, பொழுது சாஞ்சா தானா நிமிந்துக்கும். காலையிலயும் வாடி நின்னாதான் கவலப்படணும்." இப்போது தடுக்க ஆளில்லை. குடத்தோடு படியில் நானே நின்றுவிடுகிறேன்.

இன்று விடிந்ததும் ஏறிப் பார்த்தேன். மூன்றும் நிமிர்ந்து நிற்கின்றன. ஒரு காயில் மஞ்சள் ஏறியிருக்கிறது. தண்ணீர் ஊற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நான்தான் காலையிலும் வாடிக் கிடக்கிறேன். அதற்கு என்ன செய்யணும் என்று மட்டும் நீ சொல்லிவிட்டுப் போகவில்லை.